பெட்டியின் மூடி

மார்ச் 4
ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் செத்து இன்றோடு ஒரு மாதம். குண்டு விழுந்த அன்று கரண்டும் போனது, மறுநாள் டாக்டரும் போனார். இப்போது நான், கம்பவுண்டர், டிரைவர் அண்ணன் — மொத்த ஆஸ்பத்திரியும் இவ்வளவுதான்.

பின் தெருவில் ஒரு பையனுக்குக் கால் துவண்டுவிட்டது. போன வாரம்வரை ஓடியவன். போலியோ என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கே பயம். தங்கை மகள் இப்போதுதான் கட்டிலைப் பிடித்து நடக்கிறாள். சண்டை தொடங்கியபின் பிறந்தவள், ஒரு சொட்டு மருந்துகூட அவள் வாயில் விழவில்லை.

நாளை அண்ணன் நகரத்துக்குப் போய் மருந்து எடுத்து வருகிறார்.

மார்ச் 6
பாழாப்போச்சு. அத்தனையும்.

சோதனைச் சாவடியில் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். திறந்திருக்கிறார். ஐஸைக் கொட்டிவிட்டு, குப்பிகளைச் சாயங்காலம்வரை ஜீப் மேலே வெயிலில் வைத்திருக்கிறார்கள். லேபிளில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் உண்டு. வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. கறுத்துவிட்டால் வெறும் தண்ணீர். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு.

வாசலில் தாய்மார்கள் வரிசை. தங்கை காதோடு, "சும்மா ஊத்திவிடேன்க்கா, ஒண்ணுமில்லாததுக்கு இது இருக்கட்டும்" என்றாள்.

"தண்ணிய ஊத்தச் சொல்றே. நாளைக்குக் கால் போனா யார்கிட்ட வந்து அழுவே?"

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிச்சக் கோபமெல்லாம் அண்ணன் மேல். "துப்பாக்கி வச்சிருக்கிறவன் திறன்னா, என்ன செய்யச் சொல்றீங்க சிஸ்டர்?" என்றார். நான் கத்தினேன்: "அடுத்த தடவை உயிரே போனாலும் மூடியைத் திறக்காதீங்கண்ணே!" வரிசை முழுக்கக் கேட்டது. பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ச் 7
எனக்கு வாய் கொஞ்சமா நஞ்சமா. மன்னிப்புக் கேட்கலாம் என்று டீ எடுத்துப் போனேன். அண்ணன் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு முடிச்சு. "மகாராணி உத்தரவு" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

மார்ச் 10
இன்னொரு பிள்ளைக்கும் கால் விழுந்துவிட்டது. விடியலில் அண்ணனும் கம்பவுண்டரும் கிளம்பினார்கள்.

மார்ச் 11
வரவில்லை.

மார்ச் 12
கம்பவுண்டர் நடந்தே வந்தார். தனியாக. தோளில் பெட்டி. ஏழு முடிச்சும் அப்படியே இருந்தது.

சாவடியில் அண்ணன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். "புள்ளைங்க மருந்துப்பா, திறந்தா கெட்டுடும்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாராம். ஒருத்தன் சுட்டுவிட்டான். பெரிய அதிகாரி வந்து பெட்டியை எடுத்துப் போகலாம் என்றானாம். சுட்டு முடிந்தபின்தான் அவன் வந்தான். வண்டியை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

"சுட்டது நீயாம்மா?" என்று கம்பவுண்டர் என்னைத் தேற்றுகிறார்.

நான்தானே சொன்னேன்? ஐயோ, அது பேச்சுக்குச் சொல்றதுதானே — ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே! அண்ணே, அதைப்போய் நிஜம்னு எடுத்துக்குவீங்களா?

மார்ச் 13
சதுரம் வெளுப்பு. எல்லாக் குப்பியிலும்.

நூற்றுப் பதினாறு குழந்தைகள். தங்கை மகளுக்கு இரண்டு சொட்டு விட்டேன். முகத்தைச் சுளித்து நாக்கை நீட்டினாள். சுண்டுவிரல் நகத்தில் மை வைத்தேன். தங்கை என் கையைப் பிடித்து அழுதாள். நான் கையை இழுத்துக்கொண்டேன், பின்னால் இன்னும் வரிசை நின்றது.

கடைசியாக அண்ணி வந்தார், சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு. அண்ணனின் மகன். குழந்தையின் வாயைத் தானே திறந்து பிடித்தார். "மகாராணி உத்தரவு போட்டுட்டாங்கன்னு வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எண்ண மறந்து மூன்றாவது சொட்டும் விட்டுவிட்டேன்.

எல்லாரும் போனபின் பெட்டியைக் கழுவினேன். கழுவினால் மூடியைத் திறந்துதான் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பத்து வருஷமாகப் புது நர்ஸ்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது அது.

பெட்டியை மூடியே வைத்துவிட்டு வந்தேன்.