தோல் தூள் வேணாம்னு சொன்னதுக்கு

என்னங்க,

போன் பண்ணேன், எடுக்கல. ஷூ கம்பெனி கேட்லயே போனை வாங்கி வெச்சிட்டாங்க போல. அதான் எழுதி வெக்கிறேன்.

காலையில மீன் தீனி விக்கிற தணிகாசலம் வந்தாரு. தோல் கழிவை அரைச்ச தூள் இனிமே வேணாம், எங்க மீனுக்கு சோயாத் தீனிதான்னு சொல்லிட்டேன். "உன்னைப் பார்த்து நாலு பேர் நிறுத்திட்டாங்க. குட்டையில மருந்து விழுந்தா மீன் இன்னா ஆவும்னு உன் வூட்டுக்காரரைக் கேளு"ன்னாரு. சத்தம் போடல, மெதுவாத்தான் சொன்னாரு.

குட்டைக்குக் காவலுக்குப் போறேன். ஹெலனை சைரா அக்கா வீட்ல விட்டிருக்கேன். சோறும் ரசமும் மூடி வெச்சிருக்கேன்.

நேத்து நீங்க, "எதுக்கு பேஜாரு, அந்தத் தூளையே போடு"ன்னீங்க. தோல் பதனிடுற ரசாயனமெல்லாம் அந்தத் தூள்ல இருக்கு, அதைத் தின்ன மீனைத்தானே நம்ம பொண்ணும் சாப்பிடுறா? பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தூளை மறுபடியும் போட மாட்டேன்.

பிரிசில்லா

இப்போ தெரு முனையில தணிகாசலத்தோட பைக் நிக்குது. நான் பின்பக்கமாப் போய்ட்றேன். என் மேல கோபம் இருந்தாலும் பரவாயில்ல, வந்து பக்கத்துல நில்லுங்க.