அம்மாவின் முகத்துக்குப் பூச வேண்டியது

மகளே,

அம்மாவுக்கு வலி மாத்திரை வாங்கச் செல்கிறேன். பால் அடுப்பின்மேல் இருக்கிறது.

"யாரைக் கேட்டுப் பூசுனீங்கப்பா?" என்று நேற்றுக் கத்தினாய். தவறு என்னுடையதே. நான் பூசிய களிம்பிலுள்ள ‘ரெட்டினால்’ என்ற மருந்து பழைய தோலை உரிக்கும் என்பதை அவள் கன்னம் எரிந்த பிறகே படித்தேன். அதைப் பொடி எழுத்தில் ஒளித்தவனை என்னவென்பது!

இனி வெள்ளைக் குப்பியில் உள்ள களிம்பையே பூசு. அதிலுள்ள கிளிசரின் தோலில் நீரை நிறுத்தும். செராமைடு அந்நீர் வெளியேறாமல் காக்கும்.

பின்குறிப்பு: புற்றுநோய் மருந்தால் கறுத்த முகம் தெளிய, அவள் கேட்ட நியாசினமைடும் வாங்கிவிட்டேன். பலன் தெரியப் பன்னிரண்டு வாரமாகும் என்று அட்டையில் இருந்தது, கிழித்துவிட்டேன். மருத்துவர் அவளுக்குச் சொன்ன கெடு எட்டு வாரம்.

எப்போது தெளியும் என்று கேட்டால், சீக்கிரமே என்று நீ சொல். எனக்கு வாய் வரவில்லை.

அப்பா