கண்ணோரத்து மஞ்சள்

செவ்வாய்க்கிழமை, பூண்டுலோயா. மழை விடவில்லை.

கிளினிக்கில் டாக்டர் அம்மா என் கண்ணோரத்து மஞ்சள் தடிப்பைத் தொட்டுப் பார்த்தார். கொலஸ்ட்ரோலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் மலை ஏறித் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன், ரொட்டியும் சம்பலும்தான் சாப்பாடு. எனக்கு ஏது கொழுப்பு?

"இது சாப்பாட்டால வர்றது இல்லம்மா, பரம்பரையா வர்றது. குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் இருந்துச்சா?"

அம்மா குடல் புற்றுநோயில் போனார். அம்மாவின் அண்ணன், என் மாமாவும் அதிலேயே போனார். இந்தக் கொலஸ்ட்ரோலுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாமாம், இன்னும் உறுதியாகத் தெரியாதாம்.

"வீட்டுக்காரர் சொந்தமா?"

"அந்த மாமாவோட மகன்தாங்க."

டாக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "ரெண்டு பக்கமும் இருந்தா பிள்ளைக்கு இன்னும் கூடுதலா வரலாம். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

பெண் கேட்டு வந்த அன்று மாமா என் கண்ணோரத்து மஞ்சளைக் காட்டித்தான், "என் தங்கச்சிக்கும் இப்படித்தான், நம்ம ரத்தம்" என்று பெருமைப்பட்டார். என் வீட்டுக்காரருக்கும் கண்ணோரத்தில் அதே மஞ்சள்.

மகளின் முழங்கையில் மஞ்சளாகச் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கின்றன. மரு என்று நினைத்துத் தினமும் சுண்ணாம்பு தடவிவந்தேன். இன்றைக்கும் பழக்கத்தில் கையை நீட்டினாள்.

சுண்ணாம்பு தீர்ந்துபோச்சு என்று பொய் சொன்னேன்.