உயிருள்ளவருக்கு ஒரு நினைவு அலமாரி

அனுப்புநர்
ஞானசந்திரன், வயது 71,
4, பட்டறைத் தெரு, ஆரணி.

பெறுநர்
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: நான் உயிருடன் இருப்பதைப் பதிவு செய்து, என் குறிப்பேடுகளை என்னிடமே ஒப்படைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அரிசி ஆலையில் எடை போடும் வேலை பார்த்து ஓய்ந்தவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. துணி சுற்றி வரும் அட்டைக்குழாயில் கண்ணாடிக்கடை லென்சைப் பொருத்தி, வானம் பார்க்க நானாகவே கற்றுக்கொண்டேன். வானியல் பற்றி மூன்று நூல்கள் எழுதி நானே அச்சிட்டேன். மூன்றும் எங்கள் தெருக் கிளை நூலகத்தில் உள்ளன. அவற்றை இரவல் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

2. நாங்கள் சமணர்கள்; பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. நாட்காட்டியில் இருப்பது சென்னைக் கணக்கு. ஆரணியில் சூரியன் ஏறக்குறைய நான்கு நிமிடம் தாமதமாக மறைகிறது. இருபத்தொன்பது ஆண்டுகளாக மாடியில் நின்று நேரம் குறித்து, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அட்டவணையை நூலகப் பலகையில் ஒட்டிவந்தேன். நான்கு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்பார்கள். வேலைவிட்டு ஓடி வருபவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிடலாம், ஐயா.

3. ஐப்பசி மழையில் வீடு ஒழுகியதால் குறிப்பேடுகள் பதினேழையும் பாதுகாப்புக்காக நூலகத்தில் கொடுத்தேன். மார்கழியில் இரு கண்களிலும் புரை அறுவை சிகிச்சைக்காக வேலூர் சென்றேன். உடனிருக்க ஆளில்லாததால் அங்கேயே அறையெடுத்துத் தங்கினேன். இவ்வாண்டு அட்டவணை ஒட்டப்படவில்லை, வீடும் பூட்டியிருந்தது. நான் காலமானதாக நூலகத்தார் முடிவு செய்துவிட்டனர். என் மனைவி அனந்தம்மாள் ஒரு டிசம்பர் முப்பத்தொன்றில் இறந்தபோதும் மறுநாள் காலை அட்டவணையை ஒட்டியவன் நான். எனவே அவர்கள் அப்படி நினைத்ததில் பிழையில்லை. தெருவில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

4. ஜனவரி 25 அன்று ‘அமரர் ஞானசந்திரன் நினைவு அலமாரி’ திறக்கப்பட்டுள்ளது. பிப்ரவரியில் திரும்பி வந்து குறிப்பேடுகளைக் கேட்டேன். நூலகப் பொறுப்பாளர் எழிலரசி நல்ல பெண், புதிதாக வந்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஐயா, நீங்க உயிரோட கீறீங்கன்னு எனக்குத் தெரியுதுங்க. ஆனா ரெஜிஸ்டர்ல நீங்க உயிரோட இல்லீங்களே. வாரிசு சர்டிபிகேட் எடுத்துகினு யாரையாவது வரச் சொல்லுங்க, குடுத்துடறேன்.” எனக்கு வாரிசு இல்லை.

5. இவ்வாண்டோடு என் கணக்கு முப்பது ஆண்டு நிறைகிறது. அந்த ஏடுகள் இல்லாமல் நான்காவது நூலை எழுத முடியாது. கண் இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது. அது எத்தனை நாளைக்கு என்று சொல்வதற்கில்லை. ஆகவே பதிவேட்டைத் திருத்தி, ஏடுகளை விரைவில் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

6. அலமாரியை அகற்ற வேண்டாம். ‘அமரர்’ என்பதை மட்டும் அழித்தால் போதும். திறப்புவிழாப் புகைப்படத்தில் பதினெட்டு பேர் நிற்கின்றனர். அதே அறையில் நான் கோள்களைப் பற்றிப் பேசிய அன்று வந்தவர் இருவர். அவர்களில் ஒருவர் மழை விட்டதும் போய்விட்டார். படத்தில் பின்வரிசையில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைக்கிறார். துண்டு மறைப்பதால் முகம் தெரியவில்லை. அவர் யாரென்று விசாரித்து, என் முகவரியை அவரிடம் கொடுக்க ஆவன செய்ய வேண்டுகிறேன். பொழுது சாய்வதற்குள் வந்தால் சேர்ந்து சாப்பிடலாம்.

இணைப்பு: இன்றைய செய்தித்தாளுடன் எடுத்த என் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஞானசந்திரன்

இடம்: ஆரணி
நாள்: 9.3.2026 (அஸ்தமனம் மாலை 6.22)