அப்பத்தை மூடி வைத்துக் காத்திருந்தார்கள்

தம்பிக்கு,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை, அதை விட்டுவிடுகிறேன்.

பத்து நாள் ஊழியத்துக்கு வெளிநாடு வந்திருக்கிறேன். டயர் கடை மாடியில் ரப்பர் வாடை அடிக்கும் ஒரே அறை, அதுதான் சபை. பிழைக்க வந்த நம்மவர்கள் பதினான்கு பேர். சனிக்கிழமை மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். எல்லோரும் அழுதார்கள். உனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்.

இங்கே ஒரு வழக்கம். திருவிருந்தில் அப்பம் பகிர்வதற்கு முன்னால், யாரோடாவது மனஸ்தாபம் உள்ளவர்கள் வெளியே போய்ப் பேசித் தீர்த்துவிட்டு வரவேண்டும். அதுவரை அப்பத்தைத் துணியால் மூடி வைத்துச் சபையே காத்திருக்கும். நேற்று ஒரு தையற்காரம்மா என்னையே பார்த்தார்.

"ஐயா, நீங்க யாருகிட்டயும் பேச வேண்டியதில்லையா?"

முந்தின நாள் பிரசங்கம் பண்ணின வாய்க்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. படிக்கட்டில் நின்று உன் எண்ணை அழுத்தினேன். ஒரு தடவை மணி அடித்ததுமே துண்டித்துவிட்டேன். அவர்கள் பார்க்கத்தான் எழுந்து போனேன், உனக்காக இல்லை.

நீ உடனே திருப்பிக் கூப்பிட்டாய்.

மணி அடித்து ஓயும்வரை போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க வந்த உன் கையை, ஊரே பார்க்க நான் தட்டிவிட்டேனே, அந்தக் கைதானே இப்போது கூப்பிடுகிறது என்று நினைத்தேன். உள்ளே போய், "பேசிட்டேன்" என்றேன். கை தட்டினார்கள். அப்பத்தை வாங்கித் தின்றேன்.

என் எண்ணை இன்னும் அழிக்காமலா வைத்திருந்தாய்? அழித்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

அண்ணன் என்று கையெழுத்துப் போடக் கூசுகிறது.

இப்படிக்கு,
பேசிட்டேன் என்று சொன்னவன்