இருபத்தேழாம் எண் ஹெட்போன்

அனுப்புநர்:
கணினி அறை உதவியாளர்,
அரசு நடுநிலைப் பள்ளி.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்.

வழி: தலைமையாசிரியர் (அவர் பெற்றுக்கொள்ள மறுத்ததால் நேரில் அளிக்கப்படுகிறது)

பொருள்: பழுதான ஹெட்போனுடன் கேட்டல் தேர்வு எழுதியதால் சிறப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்ட ஐந்தாம் வகுப்பு மாணவிக்கு மறுதேர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் இப்பள்ளியில் பதினோரு ஆண்டுகளாகக் கணினி அறை உதவியாளராகப் பணிபுரிகிறேன். பிள்ளைகளுக்கு நான் 'லேப் அக்கா'. இம்மனு பள்ளியின் மீது மட்டுமல்ல, என் மீதும்தான். என் தவறை மறைக்காமல் கீழே எழுதியுள்ளேன்.

2. எங்களிடம் முப்பத்தொரு ஹெட்போன்கள் உள்ளன. பள்ளி முழுவதற்கும் இவைதாம். ஒரு வகுப்பு கழற்றிவைத்த சூடு ஆறுமுன் அடுத்த வகுப்பு மாட்டிக்கொள்ளும். பஞ்சு உதிர்ந்தவற்றுக்குப் பழைய காலுறையை வெட்டி உறை தைத்திருக்கிறேன். அறுந்த வயரை நானே பற்றவைப்பேன். அப்படியும் ஒன்பதில் இடது பக்கம் ஒலி வருவதில்லை. அவற்றின் எண்களைப் பழுதுப் பதிவேட்டில் குறித்து, புதியவை கேட்டு மூன்று ஆண்டுகளாக விண்ணப்பித்தேன். 'நிதி இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்கவும்' என்ற குறிப்புடன் மூன்று முறையும் திரும்பி வந்தது. சமாளித்தேன். எல்லாவற்றிலும் வலது பக்கம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். சிவப்பு எப்போதும் வலது காதில்தான் இருக்க வேண்டும், மாற்றி மாட்டினால் வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

3. கடந்த மாதம் ஒன்பதாம் தேதி ஐந்தாம் வகுப்புக்குக் கணினிவழிக் கேட்டல் தேர்வு நடந்தது. பதிவெண் வரிசைப்படி இருபத்தேழாம் இருக்கை இம்மாணவிக்கு அமைந்தது. அங்குள்ள இருபத்தேழாம் எண் ஹெட்போன், இடது பக்கம் ஒலிக்காத அந்த ஒன்பதில் ஒன்று. அவளுக்குத் தாய் மட்டுமே. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது காது அறவே கேட்காமல் போய்விட்டது. வகுப்பாசிரியைக்கு இது தெரியும்; அவளுடைய இடது காது தம் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்காரவைப்பார். அன்று அவருக்கு வேறொரு பள்ளியில் தேர்வுப் பணி. எனக்கு இது தெரியாது.

தேர்வு தொடங்கியதும் அவள் கை தூக்கினாள். அருகில் போனேன். "அக்கா, ஒண்ணுமே கேக்கல" என்றாள். ஹெட்போனை வாங்கி வலது பக்கத்தை என் காதில் வைத்துப் பார்த்தேன். தெளிவாகக் கேட்டது. "நல்லாத்தான கேக்குது, கவனிச்சுக் கேளும்மா" என்று சொல்லி, சிவப்பு வலது பக்கம் வரும்படி நானே அவள் தலையில் மாட்டிவிட்டேன். மறுபடியும் கை தூக்கினாள். "கையக் கீழ போடு" என்றார் கண்காணிப்பாளர். நான் பக்கத்து வரிசையில்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தேன், போகவில்லை. மீதி நாற்பது நிமிடமும் அவள் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

4. முப்பதுக்கு நான்கு மதிப்பெண். 'கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மிகக் குறைவு. வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லை' என்று பதிவாகி, மறுவாரமே வேறொரு பள்ளியில் உள்ள சிறப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். அங்கு போக இரண்டு பேருந்து மாற வேண்டும்.

5. சென்ற வாரம் தாயும் மகளும் கணினி அறைக்கு வந்தார்கள். தாய் சண்டை போட வரவில்லை. வேலை உடையோடு வந்து, நான்காக மடித்த அந்த மதிப்பெண் தாளை நீட்டினார். "எம் புள்ள மக்குன்னு இதுல எழுதியிருக்காமே, நெசமாம்மா? வீட்டுல அப்படி இல்லயே. நான்தான் சரியா கவனிக்கலயோ?" என்று கேட்டார். பேச்சுவாக்கில் வலது காதைப் பற்றிச் சொன்னார்.

அதே ஹெட்போனை எடுத்து, சிவப்பு இடது காதில் வரும்படி திருப்பி மாட்டி, அதே ஒலிப்பதிவைப் போட்டேன். இருபத்தாறு கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னாள். திருப்பி மாட்ட ஒரு நொடிகூட ஆகாது, அம்மா. அன்றைக்கே ஏன் இப்படி மாட்டவில்லை என்று அவளிடம் கேட்டேன். "நீங்கதான மாத்தி மாட்டக் கூடாதுன்னீங்க" என்றாள்.

6. அன்றே தலைமையாசிரியரிடம் தெரிவித்தேன். "தேர்வு முடிஞ்சா முடிஞ்சதுதான். எழுதிக் குடுத்தீங்கன்னா, ஹெட்போனுக்கு யார் பொறுப்புன்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது சரி. பொறுப்பு என்னுடையதுதான்.

7. மாணவி இப்போது சிறப்புப் பிரிவுக்குப் போக மறுக்கிறாள். தனியே விட்டுப்போக மனமின்றித் தாய் அவளைச் சலவைக்கூடத்துக்கே அழைத்துப்போய், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைக்கிறார். அங்கே நாள் முழுவதும் இயந்திர இரைச்சல். இருக்கும் ஒரு காதும் என்னாகுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும்.

8. மாறுதல் பட்டியல் இம்மாதம் முப்பதாம் தேதி இறுதியாகிவிடும் என்கிறார்கள். அதற்குள் அவளுக்கு மறுதேர்வு நடத்தி, அந்தப் பதிவை நீக்கி, பழைய வகுப்பிலேயே சேர்க்க ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தேர்வுக்கு முன் இரு பக்கமும் ஒலிக்கும் ஹெட்போன்கள் வேண்டும். முப்பத்தொன்றும் கிடைக்காவிட்டால் அந்த ஒன்பதையாவது மாற்றித் தாருங்கள். பழுதுப் பதிவேட்டின் நகலையும் காது மருத்துவரின் சான்றையும் இணைத்துள்ளேன். என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். மறுதேர்வை மட்டும் அந்த விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தங்கள் ஆணை வரும்போது, தவறு அவளுடையதல்ல என்று இரண்டு வரி எழுதி, அந்த மாணவியின் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்புங்கள். யாரும் படித்துக்காட்டத் தேவையில்லை. அவளுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும்.

நாள்: மார்ச் 14
இடம்: பள்ளிக் கணினி அறை

தவறில் பங்குள்ள,
(கையொப்பம்)
கணினி அறை உதவியாளர்