பொழுது போகாத கடற்கரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாலுப் பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், அது எந்த அளவுக்குச் சரி என்பது போகப் போக உனக்கே தெரிந்துவிடும். நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்டுவிடுகிறது. கால்தான் சொன்னபடி கேட்பதில்லையே தவிர, அவளுக்குக் காது பாம்புக் காது. அதனால் கையால் எழுதி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து உன் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். கடைக்காரர் படித்துவிடுவாரோ என்று ஒரு பயம், அவருக்கு என் கையெழுத்து புரியாது என்று ஒரு தைரியம்.

நீங்கள் வெளிநாடு சுற்றப் போகிற வழியில் மூன்று நாள் ஏதாவது கடற்கரையில் இளைப்பாறப் போவதாகவும், அது உங்களுக்கும் எங்களுக்கும் பாதி வழி என்பதால் நாங்களும் அங்கே வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி, மூன்று இடங்களின் படங்களை அனுப்பி, எது என்று அப்பாதான் முடிவு செய்ய வேண்டும் என்றாயே, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. அம்மா அன்றைக்கே, "தக்காளி பொறுக்கவே அரை நாள் ஆக்குற மனுஷன், இவரு கடல் பொறுக்கப் போறாராம்" என்று வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளிடமும் சொல்லிச் சிரித்தாள். நான் முறையாகத்தான் செய்தேன். முதல் இடத்தில் படகுச் சவாரி, கடலுக்குள் மூழ்கி மீன் பார்ப்பது, குடையில் தொங்கிக்கொண்டு பறப்பது என்று ஒரே அமர்க்களம். இரண்டாவது விடுதி மேட்டின்மேல் இருக்கிறது, கடலுக்குப் படி இறங்க வேண்டும். மூன்றாவதைப் பற்றி, போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் எழுதியிருந்தார்கள், அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை, பொழுதே போகவில்லை என்று. சரி, இதைத் தள்ளிவிடலாம் என்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதுதாங்க வேணும். பொழுது போற எடமா இருந்தா உங்க பொண்ணு எந்திரிச்சுப் போயிடுவா. பொழுது போகலைன்னாதான் நம்ம பக்கத்துல உக்காந்திருப்பா" என்றாள். அதற்குப் பிறகு மற்ற இரண்டையும் நான் திறந்து பார்க்கவில்லை.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேனே, முதல் நாள் தனியாகச் செய்து பார்க்காமல் ஒரு சோதனையைக்கூட வகுப்பில் செய்து காட்டியதில்லை, அந்தப் புத்தி விடவில்லை. மணலில் அம்மாவால் நடக்க முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பக்கத்து வீட்டில் மாடி கட்டுகிறார்கள், வாசலில் சலித்த மணல் பரப்பிக் கிடக்கிறது. கொத்தனாரிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தயங்கி, கடைசியில் விஷயத்தைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் கேலி செய்யவில்லை, கிடந்த பலகைகளை ஓரமாக எடுத்துப் போட்டார். அம்மா நீ அனுப்பிய மெத்தென்ற செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இரண்டு அடி வைத்தாள். அடுத்த அடிக்குக் கால் புதைந்தது, எடுக்க வரவில்லை, அப்படியே மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. நான் தூக்கப் பார்த்து நானும் விழப் போனேன். கொத்தனார், "அவசரம் இல்லம்மா, நல்லா உக்காருங்க, சிமெண்டு நாளைக்குத்தான் வருது" என்றார். அவள் ராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டு, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். கொத்தனார் தண்ணீர் டிரம்மைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் அவள் மணலை ஒரு கை அள்ளினாள். விரல்கள் மூடவில்லை. மணல் அப்படியே வழிந்து போயிற்று. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைச் சட்டென்று மடிக்குள் வைத்துக்கொண்டாள். கையும் போய்க்கொண்டிருப்பது அவளுக்கு எப்போதிருந்தோ தெரிந்திருக்கிறது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நரம்பு மருத்துவரிடம் போனோம். இந்த நோய் கால், கை என்று ஏறிக்கொண்டேதான் போகும், மருந்து அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், திருப்பிக் கொண்டுவராது என்று முன்பே சொன்னவர்தான். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, "விமானத்துல ஏத்திடலாம் சார். எறக்குறப்ப எப்படி இருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். இப்போது அவளுக்குத் தண்ணீர் குடித்தாலும் புரையேறுகிறது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார். நாங்கள் வரப்போவதில்லை, கண்ணு. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை, எனக்குத்தான் உத்தரவு போட்டாள். அவளுடைய நிலைமை இவ்வளவு மோசம் என்று உனக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுவாய், பயலின் முகம் வாடிவிடும், மாப்பிள்ளை எவ்வளவு முன்னால் சொல்லி விடுப்பு வாங்கினாரோ. அதனால், "உங்களுக்கு முட்டிவலி, அதான் வரலைன்னு எழுதுங்க. உங்களைச் சொன்னா அவ நம்பிடுவா" என்றாள். இப்போது அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, முட்டிவலியைப் பற்றி எழுதியாச்சா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நான் செய்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பேச்சை மீறி நான் எதையும் செய்து பழக்கமில்லை.

உன்னை வா என்று கூப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை. உன் விடுப்பு, டிக்கெட், பயலின் பள்ளிக்கூடம் எல்லாம் எனக்குத் தெரியும். இங்கே என்ன இருக்கிறது, கடலும் இல்லை, பக்கத்து வீட்டு மணலும் பூச்சுக்குப் போய்விட்டது. செய்வதற்கு ஒன்றுமே இல்லாத வீடு. நாள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

நீ என்ன முடிவு செய்தாலும் அப்பாவுக்குச் சம்மதம். பயலைத் தண்ணீரில் தனியாக விடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை போன் செய்யும்போது எடுத்தவுடன் என் முட்டி எப்படி இருக்கிறது என்று கேள். கொஞ்சம் சத்தமாகக் கேள், அம்மா பக்கத்தில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா